லாபம், ரெண்டு, மூணு

மார்கழி 3, வியாழன்

மூடுபனி. ஏழரை மணி வரை கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தையே காணவில்லை. சேலம் பஸ் ஒன்று வழி தெரியாமல் டீக்கடைக்குள் நுழைந்து, பஜ்ஜி போடுகிறவருக்கு டிக்கெட் கிழித்துவிட்டதாகக் கேள்வி.

சத்தியம் செய்து தொடங்குகிறேன். இன்றிலிருந்து இந்த நோட்டில் எழுதப்போவதை ஒருத்தனும் நம்ப மாட்டான். நம்புகிறவன் ஒருவன் கிடைத்தால் அவனை ஊர் நம்பாது. எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. ஆனாலும் ஒரு கம்பெனி வியூகம் வகுத்த மாபெரும் சரித்திரத்தை யாரும் குறித்து வைக்கவில்லை என்ற பழி இந்த மாவட்டத்துக்கு வரக்கூடாது.

கம்பெனி என் அக்கா மகள் கோமதியுடையது. கச்சிராயப்பாளையம் சாலையில் தகரக் கொட்டகை. கல்வராயன் மலையில் விளைகிற சாமையை வாங்கி, உமி நீக்கி, அரிசியாகவும் அவலாகவும் பாக்கெட் போடும் வேலை. சொத்து விவரம்: பெண்கள் பதினான்கு பேர், மிஷின் இரண்டு, ஜீப் ஒன்று, நான் ஒருவன். என் இலாகா கொள்முதல். டிரைவர் ஏழுமலை ஜீப்பை ஓட்டுவான், நான் பேச்சை ஓட்டுவேன். என் பேச்சு இல்லாவிட்டால் அந்த ஜீப் மூன்றாவது வளைவைத் தாண்டாது. சோதித்துப் பார்த்தது.

சென்னையில் ஒரு பெரிய கடைக்காரர் பொங்கலுக்குள் ஒரு லாரி சாமை அரிசி கேட்டிருக்கிறார். நேரத்துக்குப் போனால் வருஷம் முழுக்க நம்மிடம்தான் வாங்குவாராம். போகாவிட்டால் தை பிறந்ததும் பாதிப் பெண்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று கோமதி என்னிடம் மட்டும் சொன்னாள். அறுவடை முடிந்து மலையில் சாமை குவிந்து கிடக்கிறது. போய் வாங்கி வந்தால் தீர்ந்தது. ஆனால் அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், வளர்கிற கம்பெனிக்கு வியூகம் வேண்டும் என்று.

ஆகவே இன்று ஆலோசகர் வந்திறங்கினார். பெயர் பிரவீன். சின்னசேலத்து நெல் மண்டிக்காரர் பேரன்தான். ஏழு வயதில் ஏற்காடு ஹாஸ்டல், அப்புறம் பெங்களூர். இப்போது தமிழை ஸ்பூனால் சாப்பிடுகிறான். வெள்ளை ஷூ. உமி பறக்கிற கொட்டகைக்கு வெள்ளை ஷூ போட்டு வந்தவன் நமக்கு ஐந்து வருஷத்துத் தொலைநோக்கு சொல்லித் தரப் போகிறான்.

பெண்களை வட்டமாக உட்கார வைத்தான். முதல் கேள்வியே, நம்ம கம்பெனியோட மிஷன் என்ன?

வறுவல் பிரிவுத் தலைவி தவமணி எழுந்து நின்று பதில் சொன்னாள். "ரெண்டு மிசினு இருக்குதுங்க. ஒண்ணு ஓடிக்கினு இருக்குது. இன்னொண்ணு பெல்ட்டு அறுந்து பத்து நாளாவுது. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க."

அவன் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு, இல்லை, ஆழமான அர்த்தத்தில் கேட்கிறேன் என்றான். ஆழமாகத்தான் அறுந்திருக்கிறது என்றாள் தவமணி.

வாங்க வேண்டியது: முழங்கால் தைலம். குடைக்குக் கம்பி.

மார்கழி 4, வெள்ளி

வெயில் தலைகாட்டியது. பல் வலி, இடது பக்கம்.

வெள்ளைப் பலகையில் நாலு கட்டம் போட்டான். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல். கட்டம் போட்டு எதிர்காலம் சொல்ல நம் ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். வெற்றிலை பாக்கோடு முடிந்திருக்கும். அவர் கட்டத்தில் சனியாவது இருக்கும்.

எல்லோருக்கும் மஞ்சள் காகிதத் துண்டுகள் கொடுத்து, மனதில் தோன்றுவதை எழுதி ஒட்டச் சொன்னான். பெண்கள் எழுதியது: பெல்ட்டு. பெல்ட்டு. கக்கூஸ் கதவு. பெல்ட்டு. தவமணி போய் ஃபேனைப் போட்டாள். பலமும் பலவீனமும் ஒன்றாகப் பறந்து சாமை மூட்டை மேல் விழுந்தன. பொறுக்கி எடுத்து மறுபடி ஒட்டியதில் 'கக்கூஸ் கதவு' வாய்ப்புக் கட்டத்துக்குப் போய்விட்டது. அவன் கவனிக்கவில்லை. அங்கேயே இருக்கிறது.

என்னைப் பார்த்து, அங்கிள், உங்க ரோல் என்ன என்றான். அங்கிள்! தாய்மாமனுக்குத் தனிச்சொல் இருக்கிற நாட்டில் பிறந்த வாய். நான் சொன்னேன்: மலையில் நான் போனால் மயில் வழிவிடும், கரடி எழுந்து நிற்கும், சாமைக் கதிர் தானாகச் சாயும். அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு மஞ்சள் துண்டில் எழுதி ஒட்டினான்.

போய்ப் படித்தேன். 'கொள்முதல் ஒரே நபரின் பேச்சை நம்பி இருக்கிறது.'

பலவீனக் கட்டத்தில்.

பதினெட்டு வருஷம் இந்த மலையை ஏறி இறங்கியவன். மஞ்சள் துண்டு. இரண்டு விரல் அகலம்.

கோமதி பார்த்தாள். துண்டை அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்தாள். அவளுக்கு அவன்மேல் மரியாதை. லேப்டாப் வைத்திருக்கிறவன் மேல் எல்லோருக்கும் வருகிற மரியாதை.

மத்தியானம் சமோசா வந்தது. கூட்டம் என்றால் சமோசா உண்டாம். வியூகத்தில் இதுவரை உருப்படியான பகுதி அதுதான்; அதிலும் உருளைக்கிழங்கு வேகவில்லை.

மார்கழி 6, ஞாயிறு

மலை. பிரவீனுக்குக் 'களம்' பார்க்க வேண்டுமாம். நான், ஏழுமலை, அவன்.

குளிர். கோமுகி அணைக்குப் பக்கத்தில் போகும்போது என் மீசையின் ஒரு பக்கம் விறைத்து, ஏழுமலை அதைக் கண்ணாடி துடைக்கிற கம்பி என்று நினைத்து இழுத்துவிட்டான். மலைச்சாலை வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சில வளைவில் ஜீப் தன் பின்பக்க நம்பரைத் தானே படிக்கும். நாலாவது வளைவில் ஆலோசகரின் வியூகம் ஜன்னல் வழியாக வெளியே போனது. இட்லி, கூடவே ஏதோ ஆரஞ்சுப் பழச்சாறு. ஏழுமலை வண்டியை நிறுத்தாமல், "பரவால்லீங்க சார், எல்லாரும் இங்கதான் எடுப்பாங்க" என்றான்.

வெள்ளிமலை தாண்டி இரண்டு மைலில் எங்கள் ஊர். எங்கள் என்றால், சாமை தருகிற ஊர். முப்பது வீடு. அவர்கள் சார்பில் பேசுவதும் அளப்பதும் வெள்ளச்சி. ஐம்பது வயதுக்கு மேல். அந்தக் கை மரக்காலில் சாமையை அள்ளித் தலை தட்டினால், ஒரு மணி கூடாது, ஒரு மணி குறையாது. ஜீப்பில் தராசு உண்டு. ஆனாலும் முதலில் மரக்காலில் அளந்து பார்த்துவிட்டுத்தான் அவர்கள் மூட்டையைத் தராசில் ஏற்ற விடுவார்கள். மின்தராசு மட்டும் கொண்டு வந்த சேலத்து வியாபாரி ஒருவனை, கண்ணால் பார்க்காத எண்ணை எப்படி நம்புவது என்று இவர்கள் அனுப்பிவிட்டது தனிக் கதை.

வெள்ளச்சி அளந்தாள். ராகம் போட்டு எண்ணுவாள். "லாபம்... ரெண்டு... மூணு... நாலு..."

இதை விளக்கி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தானியம் அளக்கிற எவரும் 'ஒன்று' என்று தொடங்க மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு நல்ல வார்த்தையாக 'லாபம்' என்பார்கள். லாபம் என்றால் ஒன்று. அவ்வளவுதான். பால் குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். பிரவீனின் தாத்தா மண்டியில் இன்றும் அப்படித்தான் எண்ணுகிறார். பேரனுக்கு அது போய்ச் சேரவில்லை.

என்னைத் தனியாக ஓரம் கூட்டிப்போய்க் கேட்டான். "அங்கிள், ஃபர்ஸ்ட் ஒண்ணுக்கு மட்டும் ஏன் லாபம்னு சொல்றாங்க? அது யாரோட லாபம்?"

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். பால் மாதிரி முகம். கையில் ஒரு நோட்டு.

பிறகு என் வாய் திறந்தது. அது கம்பெனிக்குச் சேர வேண்டியது என்றேன். முன்னொரு காலத்தில் இந்த மலையை ஆண்ட ராஜா, வாங்க வருகிறவன் மலையேறி மூச்சு வாங்குகிறானே என்று இரங்கி, ஒவ்வொரு களத்திலும் முதல் மரக்கால் அவனுக்கு இனாம் என்று செப்பேட்டில் எழுதினான் என்றேன். அந்தச் செப்பேட்டை ஒரு கரடி தூக்கிக்கொண்டு போய் இன்றும் குகையில் வைத்துக் காவல் காக்கிறது என்றேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அது செப்பேட்டைப் புளி போட்டுத் துலக்கும் என்றேன். அப்படியானால் இப்போது ஏன் அந்த மரக்காலை நாம் வாங்கிக்கொள்வதில்லை என்றான். கோமதிக்கு இளகிய மனசு, கேட்க மாட்டாள் என்றேன்.

கரடி வந்ததும் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். புளி வந்ததும் நிச்சயம் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன்.

எழுதிக்கொண்டிருந்தான்.

இறங்கும்போது அவன் தூங்கிவிட்டான். ஏழுமலை என்னைக் கேட்டான். "இன்னாண்ணே அவ்ளோ நேரம் சொல்லிக்கினு இருந்த?" ஒன்றுமில்லை, கொஞ்சம் கப்சா என்றேன்.

மூட்டை ஆறு இறங்கியது. மீதியை வாரக் கடைசியில் தருவதாக வெள்ளச்சி சொன்னாள்.

மார்கழி 9, புதன்

மழை மாதிரி ஏதோ. நனையவில்லை, காயவும் இல்லை.

வியூகம் பிறந்தது. நாற்பத்திரண்டு பக்கம், எல்லாம் வண்ணம். சுவரில் படமாகக் காட்டினான். அம்புக்குறிகள் மட்டும் நூறு இருக்கும், எல்லாம் மேல்நோக்கி. ஒரு அம்பாவது மலையிலிருந்து மூட்டையோடு கீழே இறங்க வேண்டாமா? பதினோராம் பக்கத்தில் கண்ணை மூடினேன். முப்பத்தெட்டாம் பக்கத்தில் தவமணி முழங்கையால் இடித்தாள். இடையில் 'லெகசி மார்ஜின்' என்று ஏதோ காதில் விழுந்தது. ஏதாவது மருந்தாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கோமதி பாதியில் எழுந்து போனாள். சேலத்திலிருந்து பெல்ட் வந்துவிட்டது. மாட்டுகிறவர் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தார். பிரவீன் பின்னாலேயே போய், மலைக்கு ஒரு நோட்டீஸ் அடிக்கலாமா, வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன் என்றான். கை முழுக்க கிரீஸோடு கட்டை விரல் படம் ஒன்றைத் தட்டிவிட்டாள். நான் பார்த்தேன். படித்தாளா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குப் பல் வலி.

மிஷின் ஓடியது. பெண்கள் கை தட்டினார்கள். வியூகத்துக்குத் தட்டியதாக அவன் எடுத்துக்கொண்டான்.

மார்கழி 12, சனி

ஜீப் காலியாக இறங்கியது.

இன்று எனக்குப் பல் பிடுங்கும் வேலை; ஏழுமலையைத் தனியாக அனுப்பியிருந்தேன். நாற்பது மூட்டையில் முதல் நடை வர வேண்டிய இடத்தில் ஏழுமலை மட்டும் வந்தான். கையில் ஒரு காகிதம். வெள்ளிமலை ஜீப் நிற்கிற இடத்தில் அவனே வியாழக்கிழமை ஒட்டியது. அவனுக்குப் படிக்கப் பொறுமை கிடையாது. பசை தடவத்தான் தெரியும். அதை யாரோ கிழித்து நாலாக மடித்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியே எழுதி வைக்கிறேன்:

'விவசாயப் பெருமக்களுக்கு அறிவிப்பு. மலையின் பாரம்பரிய வழக்கப்படி ஒவ்வொரு அளவையிலும் முதல் மரக்கால், லாப மரக்காலாகக் கம்பெனியைச் சேரும். இதுவரை முறையாகப் பின்பற்றப்படாத இவ்வழக்கம் உடனே நடைமுறைக்கு வருகிறது. நன்றி. நிர்வாகம்.'

கீழே கோமதி கைகூப்பி நிற்கிற படம். பட்டுப்புடவை.

மலையில் வீட்டுக்கு வீடு அதைப் படித்துக் காட்டினார்களாம். ஒருவரும் மூட்டையைத் தொட விடவில்லை. வெள்ளச்சி சொல்லி அனுப்பியது ஒரே வரி. "அந்தப் பொண்ணுக்கு இனாம் வேணும்னா நேரா வந்து கையேந்தச் சொல்லு, படத்துல கும்பிட வாணாம்."

சேலத்து வியாபாரி நாளையோ மறுநாளோ மரக்காலோடு வருகிறானாம். அவனும் கற்றுக்கொண்டுவிட்டான்.

கோமதி காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். உட்கார்ந்துவிட்டாள். மிஷின் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே போட இருந்தது ஒரு நாளைக்கான சாமை.

ஒரு பல் போன இடத்தில் பஞ்சு. பேச முடியாது. வசதி.

மார்கழி 13, ஞாயிறு

லீவு நாள். கோமதி எங்களைக் கூப்பிட்டாள். பிரவீன், நான், தவமணி.

இதை யார் சொன்னது என்றாள். பிரவீன் பதறவில்லை. அவன் தொழிலில் பதற்றம் இல்லை போலிருக்கிறது. ஆதாரம் இல்லாமல் எதையும் எழுத மாட்டேன் என்று நோட்டைப் புரட்டி, தேதி, இடம், சொன்னவர் பெயர் என்று வரிசையாகப் படித்தான். என் பெயரை முழுதாக, அப்பா பெயரின் முதலெழுத்தோடு படித்தான். ராஜா. செப்பேடு. கோமதியின் இளகிய மனசு. கரடியை மட்டும் விட்டுவிட்டான். அதை வாய்மொழி மரபு என்று தனியே குறித்திருக்கிறானாம்.

தவமணி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். முதலில் சிரிப்புக்கு. அப்புறம் கோமதி முகத்தைப் பார்த்து அப்படியே வைத்துக்கொண்டாள்.

நான் பல்லைக் காட்டினேன். ஒன்று குறைவாகத்தான் காட்ட முடிந்தது. நாற்பத்திரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கரடியை அடையாளம் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்ய முடியும் என்றேன். லாபம் என்றால் ஒன்று என்று அவன் தாத்தாவுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்திருக்கும் என்றேன். பெங்களூரில் ஒன்று, இரண்டு கற்றுத் தருவதில்லையா என்றேன். நன்றாகத்தான் பேசினேன்.

கோமதி என்னைத் திட்டவில்லை. பிரவீனையும் திட்டவில்லை. படிக்காமல் கட்டை விரல் போட்டது நான் என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க இனிமே மலைக்குப் போவ வாணாம்" என்றாள்.

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

மார்கழி 14, திங்கள்

போனேன். அவளுக்குத் தெரியாமல். ஜீப் இல்லை, வெள்ளிமலை பஸ். மலை முழுக்கப் பனி. டிரைவர் வழியைப் பார்த்து ஓட்டினாரா, பழக்கத்தில் ஓட்டினாரா, தெரியவில்லை. இரண்டு மைல் நடை. முழங்கால் இரண்டும் வழியில் என்னை விட்டுப் பிரிந்து தனித்தனியாக வந்து சேர்ந்தன.

களத்தில் வெள்ளச்சியும் பத்துப் பன்னிரண்டு பேரும். உண்மையைச் சொன்னேன். ராஜா இல்லை, செப்பேடு இல்லை, கோமதிக்கு ஒன்றும் தெரியாது, அந்தப் பையன் ஒரு மடையன், அவனிடம் அளந்துவிட்டது நான் என்று அலங்காரம் இல்லாமல் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்னதாக நான் பேசியது கிடையாது.

யாரும் நம்பவில்லை.

வெள்ளச்சி எனக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். "போன வருசம் சாமை ஏத்த எலிகாப்டர் வருதுன்னீங்க. அதுக்கு முன்னால ஜப்பான்ல பயில்வானுங்க இத்தத்தான் துன்றாங்கன்னீங்க. நெசம்னு ஒண்ணு உங்க வாயில வந்து நாங்க பாத்ததில்லண்ணே. அக்கா பொண்ணக் காப்பாத்த பழிய நீங்க தூக்கிக்கினு வந்துட்டீங்க. நல்ல மனசுதான். போய் சாப்புடுங்க."

நல்ல மனசாம். செருப்பால் அடித்திருக்கலாம்.

இன்னும் இரண்டு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல என் நல்ல மனசு பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளைக்குக்கூட இப்படிச் செய்ய மாட்டார்கள் என்றார்.

கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே இறங்கினேன். கள்ளக்குறிச்சி வந்ததும் கோமதியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவளும் முதலில் நம்பவில்லை. பஸ் டிக்கெட்டைக் காட்டினேன்.

மார்கழி 16, புதன்

கோமதி தானே மலை ஏறினாள். என்னையும் ஏற்றிக்கொண்டாள்; சாட்சிக்கு, வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. முன் சீட்டில் தவமணி. நான் பின்னால், காலிச் சாக்கு மேல்.

பட்டுப்புடவை இல்லை. கொட்டகையில் கட்டுகிற சேலை, உமியோடு. களத்தின் நடுவில் நின்று சொன்னாள்: நோட்டீஸ் தப்பு, படிக்காமல் நான் விட்டது, லாபம் என்றால் ஒன்று என்று எனக்குத் தெரியும், என் கம்பெனிக்குத் தெரியாமல் போய்விட்டது.

அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. (சரி, இரண்டு நிமிஷம்.)

வெள்ளச்சி மரக்காலைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "நீ தப்புன்னு சொல்லிட்ட. ஆனா அச்சடிச்சி ஒட்டுனது ஒட்டுனதுதாம்மா. லாப மரக்கால்னு எழுதிட்டீங்க. இருக்கட்டும், எங்களுக்கும் புடிச்சிருக்குது. லாபம் எங்களுது."

எப்படி என்றாள் கோமதி.

"ஒவ்வொரு வூட்டுச் சாமையிலயும் மொத மரக்கால தனியா கட்டுவோம். நீ எடுத்துக்கினு போய் உன் மிசினுல உமி எடுத்து அரிசியா எங்களுக்கே குடுத்து அனுப்பணும். கூலி கேக்கக் கூடாது. உரல்ல குத்தித் தோள்பட்ட போச்சி. அத்தொட்டு மொத்தத்தையும் உனக்குப் போட்டுட்டு ரேசன் அரிசி துன்னுகினு இருக்குறோம். நாங்க வெளைய வெச்சத நாங்க துன்னே வருசக்கணக்காவுது."

இது எனக்குத் தெரியாது. பதினெட்டு வருஷம் அந்தக் களத்தில் வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். வீட்டில் உலை வைத்தால் எந்த அரிசி என்று ஒரு தடவை கேட்டதில்லை. பிரவீனின் நாற்பத்திரண்டு பக்கத்திலும் அது கிடையாது. ஆனால் அவன் வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

கோமதி தவமணியைப் பார்த்தாள். தவமணி விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, பெல்ட்டு தாங்கும் என்றாள். சரி என்றாள் கோமதி.

வெள்ளச்சி எழுந்தாள். மரக்காலை நிமிர்த்தினாள். "லாபம்" என்று முதல் மரக்காலைத் தனிச் சாக்கில் கொட்டினாள். அடுத்ததையும் "லாபம்" என்றாள். அது விற்பனைக்கு, எண்ணிக்கை அங்கிருந்துதான் தொடங்குகிறதாம். ஆக இப்போது இரண்டு லாபம். இதற்கு ஒரு அம்புக்குறி போட்டுக் காட்டட்டும் பார்ப்போம்.

மார்கழி 20, ஞாயிறு

நல்ல வெயில். குடைக்குக் கம்பி போட்டாகிவிட்டது. இனி மழை வராது.

மூட்டை இறங்கிக்கொண்டே இருக்கிறது. முதல் தவணை அரிசி திரும்பி மலை ஏறிய சேதி பரவி, பக்கத்து இரண்டு ஊர்க்காரர்களும் ஏழுமலையை வழிமறித்துக் கேட்கிறார்களாம், எங்கள் லாபத்தையும் எடுத்துப் போ என்று. சேலத்து வியாபாரி புது மரக்காலோடு வந்து, ரேஷன் கடைத் திண்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனானாம். நேற்று ஒரு பெண் ஏழுமலையிடம் சொன்னாளாம், பிள்ளைகள் சாமைச் சோறு வேண்டாம், ரேஷன் அரிசிதான் வேண்டும் என்று அழுதன, ரெண்டு சாத்து சாத்தி ஊட்டினேன் என்று.

சென்னை லாரி செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது.

பிரவீன் நாற்பத்து மூன்றாம் பக்கம் எழுதிவிட்டான். ஏதோ விசுவாசத் திட்டம் என்று ஆங்கிலத்தில் பெயர். கீழே ஒரு கை இன்னொரு கையைக் குலுக்குகிற படம். தன் வியூகம் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பலன் தந்திருக்கிறது என்று கூட்டத்தில் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் வெட்கத்தின் ஒரு சொட்டாவது இருக்கிறதா என்று எழுந்து கிட்டே போய்ப் பார்த்தேன். கிடையாது. வழவழவென்று இருந்தது. இப்படிப்பட்ட ஆட்கள்தான் ஒரு நாள் மாவட்டங்களை நிர்வாகம் பண்ணுவார்கள். சமோசா மட்டும் இன்று வெந்திருந்தது.

ஜீப்பின் முன் சீட்டில் தவமணி. ஐந்து நாளாக.

மார்கழி 21, திங்கள்

சாயங்காலம். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

கொட்டகை வாசலில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தேன். (என் இன்றைய பதவி.) கோமதி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஆறு மணிக்கு ஜீப்பு. தவமணி பாக்கெட் பக்கம் நிக்கணும், லாரி வருது. நீங்கதான் போவணும். ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போங்க. ஏன் மாமா அவன்கிட்ட அப்பிடிச் சொன்னீங்க?"

அவனைச் சோதித்துப் பார்த்தேன் என்றேன். காத்திருந்தாள். அந்தக் கரடியே என் கனவில் வந்து கேட்டுக்கொண்டது என்றேன். காத்திருந்தாள். பல் வலியில் உளறினேன் என்றேன். பல் வலி அதற்கு முன்னாலா பின்னாலா என்று எனக்கே சந்தேகம். உன் கம்பெனியை ஏமாற்றுக்காரனிடமிருந்து காப்பாற்ற நான் போட்ட ரகசிய வியூகம் என்றேன்.

"அந்த மஞ்சக் காயிதம்தானே" என்றாள். "பலவீனம்னு ஒட்டுனானே. அதுக்குப் பழி வாங்குனீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கௌரவமான காரணம். அவளே எடுத்துக் கொடுத்தது. தலை ஆட்டினால் முன் சீட்டு.

ஆட்டவில்லை. அதுவும் நிஜம் இல்லை. அவள், ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குது மாமா என்று எழுந்து உள்ளே போனாள்.

வாயால் வராது. இங்கே எழுதுகிறேன். பஜ்ஜிக்காரருக்கு டிக்கெட் கிழித்தது பொய். மீசை விறைத்தது பொய். கண்ணைத் துடைத்த கிழவர் தூசிக்குத் துடைத்தார். முப்பது வீடு என்று எழுதியது இருபத்திரண்டு. பிரவீன் முகத்தைக் கிட்டே போய்ப் பார்த்தபோது அவன் காது சிவந்துதான் இருந்தது.

ஒரே ஒரு சின்ன சங்கதி நிஜம். இந்த ஊரில் அறுபத்து மூன்று வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். சிரிப்பார்கள், எழுந்து போவார்கள், போதும் மாமா என்பார்கள். அன்றைக்குக் களத்தில் நான் வாயைத் திறந்ததும் அந்தப் பையன் பேனா மூடியைக் கழற்றினான். கொஞ்சம் மெதுவா அங்கிள், என்றான்.